ஆலைக்கு ரோபோ வண்டி செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவைப் பக்கம் தானாக ஓடும் வண்டி செய்கிற இளைஞர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சந்தோஷம்தான். மேப் போடுவது, பாதை கண்டுபிடிப்பது, குறுக்கே வருபவரைப் பார்த்து ஒதுங்குவது எல்லாம் ஆர்ஓஎஸ் என்ற ரோபோ மென்பொருள் தொகுப்பின் புண்ணியத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நாங்கள் தொடங்கிய காலத்தில் வண்டியை ஓட வைப்பதே பெரும்பாடு. இன்று ஒரு நல்ல கல்லூரிக் குழு அதைச் சில மாதங்களில் செய்துவிடுகிறது. ஆனால் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு நடக்கிற தவறுகளைப் பார்த்தால், அன்றைக்கு எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள்.

வயரைச் சரியாகக் கட்டாதது, எமர்ஜென்சி ஸ்டாப்பைக் கை எட்டாத இடத்தில் வைப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் முதல் வாரத்தில் வண்டியே கற்றுக்கொடுத்துவிடும்.

ஏற்றுவது யார், இறக்குவது யார்?

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இந்த ஒன்றுதான். அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

எந்த டெமோவுக்குப் போனாலும் வண்டி ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்துக்குப் போகும். நடுவில் ஒருவர் வேண்டுமென்றே குறுக்கே நடப்பார், வண்டி நிற்கும், சுற்றிக்கொண்டு போகும், எல்லோரும் கைதட்டுவார்கள். புறப்பட்ட இடத்தில் சரக்கை ஏற்றியது யார், போய்ச் சேர்ந்த இடத்தில் இறக்கப் போவது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. வாங்குகிற ஆலைக்குச் செலவே அந்த இரண்டு முனையிலும்தான் இருக்கிறது.

நூற்பாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சைச் சீவிப் பிரிக்கிற கார்டிங் மெஷினிலிருந்து வரும் ஸ்லைவர், அதாவது முறுக்கேறாத பஞ்சுக் கயிறு, மார்பளவு உயரமான கேனில் சுருள் சுருளாக விழுகிறது. நிறைந்த கேனை டிராயிங்குக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அங்கே ஆறோ எட்டோ கேன்களின் ஸ்லைவரைச் சேர்த்து ஒன்றாக இழுக்கிறார்கள். காலியான கேன் மறுபடி கார்டிங்குக்கு வர வேண்டும். மூன்று ஷிஃப்டும் இதே போக்குவரத்துதான். பார்த்தவுடன் ரோபோவுக்காகவே உண்டான வேலை என்று தோன்றும்.

பல்லடம் பக்கத்தில் ஓர் ஆலைக்கு எனக்குத் தெரிந்த ஒரு குழு அப்படி ஒரு வண்டி செய்து கொண்டுபோனது. நல்ல வண்டி, குறை சொல்ல முடியாது. தட்டையான மேடை, அதற்கு ஒரு சாய்வுப் பலகை. கேனை உருட்டி மேலே ஏற்றிவிட்டால் வண்டி கொண்டுபோய்விடும். முதல் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார்: “ஏனுங் தம்பி, கேனை இதுல ஏத்தறதுக்கு ஒரு ஆளு வேணும், எறக்கறதுக்கு ஒரு ஆளு வேணும். கேனுக்குத்தான் அடியில சக்கரம் இருக்குதில்லீங்க? அந்த ஆளே தள்ளிட்டுப் போயிட்டா என்னங்க?”

குழுவில் யாரிடமும் பதில் இல்லை. ஒரு வருட உழைப்பு அந்தக் கேள்வியோடு முடிந்தது.

மேஸ்திரி மனக்கணக்காகச் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். தூரம் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கேனைத் தள்ளிக்கொண்டு விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் 40 விநாடி. ஆட்கள் நடமாடும் இடத்தில் ரோபோவை விநாடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் விட்டால் 67 விநாடி. ஏற்ற அரை நிமிடம், இறக்க அரை நிமிடம், வண்டி வரும்வரை காத்திருப்பது தனி. சரி, எப்படியோ ஒருவருடைய வேலையில் கால் பங்கு குறைந்தது என்றே வைத்துக்கொள்வோம். முதலாளியால் கால் ஆளைக் குறைக்க முடியுமா? சம்பளப் பட்டியலில் ஆள் முழுதாகத்தான் இருப்பார்.

ஒரு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் செலவு என்றால் மூன்று ஷிஃப்டுக்கு 60,000, வருடத்துக்கு 7.2 லட்சம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் முழுதாக வேறு வேலைக்குப் போக முடிந்தால், 12 லட்ச ரூபாய் வண்டி 20 மாதத்தில் தன் விலையை எடுத்துவிடும். முடியாவிட்டால் எந்தக் காலத்திலும் எடுக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. இதை முதலாளியிடம் சொல்லத் தயங்குகிறவர்கள் “எஃபிஷியன்ஸி கூடும்” என்று பொதுவாகப் பேசுவார்கள். அவர் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

இந்த முனைகளில் கண்ணுக்குத் தெரியாத வேலைகள் வேறு இருக்கின்றன. டிராயிங்கின் பின்னால் நிற்கிற கேன்களில் எது காலியாகப் போகிறது என்பதை அங்குள்ள பெண் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். புதுக் கேனின் ஸ்லைவர் நுனியைப் பழையதோடு ஒட்டுவதும் அவர்தான். கேனில் சுற்றியிருக்கும் வண்ணப் பட்டையைப் பார்த்து இது எந்த மிக்ஸிங் (பஞ்சுக் கலவை), எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று கண்டுகொள்வதும் அவர்தான். தப்பான கேன் தப்பான மெஷினுக்குப் போனால் அது துணியில் வரி வரியாகத் தெரியும், அத்தனையும் ரிஜெக்ட். உங்கள் வண்டி ஐந்து சென்டிமீட்டர் துல்லியத்தில் நிற்கிறது என்று பெருமைப்படுவதற்கு முன்னால், தான் எந்தக் கேனைத் தூக்கியிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியுமா என்று பாருங்கள்.

எல்லோருடைய பிரசன்டேஷனிலும் முதல் பக்கத்தில் கிடங்கு ரோபோ செய்த கிவா சிஸ்டம்ஸ் வந்துவிடும். 2012-இல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஆனால் கிவா வண்டி அப்படியொன்றும் பெரிய புத்திசாலி இல்லை. தரையில் ஒட்டிய பார்கோடு ஸ்டிக்கர்களைப் படித்துக்கொண்டு, ஆட்கள் நுழையாத பகுதிக்குள் ஓடியது. அவர்கள் யோசித்ததெல்லாம் முனையைப் பற்றித்தான். அலமாரியையும் வண்டியையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி செய்தார்கள். வண்டி அலமாரிக்கு அடியில் நுழைந்து தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கே வந்துவிடும், ஆள் நடக்கவே வேண்டாம். வாங்கிய பிறகு அமேசான் அதை வெளியாருக்கு விற்பதை நிறுத்திவிட்டது. அதுவரை கிவாவை நம்பியிருந்த குவைட் லாஜிஸ்டிக்ஸ் என்ற கிடங்கு நிறுவனம் தானே ரோபோ செய்யத் தொடங்கியது, அப்படிப் பிறந்ததுதான் லோகஸ் ரோபாட்டிக்ஸ். லோகஸ் வண்டிக்குக் கை கிடையாது. அது அலமாரிக்கு முன்னால் போய் நிற்கும், அந்தப் பகுதியில் இருக்கிற ஆள் பொருளை எடுத்து அதில் வைப்பார், வண்டி அடுத்த இடத்துக்குப் போய்விடும். இரண்டும் வேறு வேறு வழி, ஆனால் இரண்டிலும் ஏற்றுகிற ஆளின் நேரம் முதலிலேயே கணக்கில் வந்துவிட்டது.

நம் ஆலைகளில் எனக்குச் சரிப்பட்டு வந்த வழி டிராலிதான். ஆளும் வண்டியும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கக் கூடாது. ஆள் தன் நேரத்துக்கு டிராலியை நிரப்பிக் குறித்த இடத்தில் விட்டுவிட்டுப் போவார். வண்டி தன் நேரத்துக்கு வந்து, கொண்டுவந்த காலி டிராலியைப் பக்கத்தில் விட்டுவிட்டு, நிறைந்ததன் அடியில் நுழைந்து தூக்கிக்கொண்டு போகும். நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரிலிருந்து பக்கத்து ஷெட்டில் இருக்கும் பேக்கிங்குக்கு நூல் கோன் கொண்டுபோவது மாதிரி தூரம் அதிகமான வேலைக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் ஆலையில் ஏற்கெனவே இருக்கும் டிராலியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதெல்லாம் பல வருடங்களில் பல வெல்டிங் பட்டறைகளில் செய்தது. ஒன்றின் கால் இன்னொன்றை விட இரண்டு சென்டிமீட்டர் உள்ளே இருக்கும், சக்கரத்தில் பஞ்சும் நூலும் சுற்றிக் கோணிக்கொண்டு நிற்கும். டிராலியை நீங்களே வரைந்து, நீங்களே செய்து, ரோபோவோடு சேர்த்து விற்றுவிடுங்கள். நிறுத்துமிடத்தில் தரையோடு ஒரு இரும்பு வழிகாட்டியும், வண்டி கடைசி ஒரு மீட்டரில் பார்த்து நேராக்கிக்கொள்ள ஒரு பிரதிபலிப்பு அடையாளமும் போதும். ஒரு ரோபோவுக்குப் பல டிராலி தேவைப்படும் என்பதால் வியாபாரமும் அதில்தான். ரோபோவில் விலை பேசிக் கழுத்தை நெரிப்பவர்கள் டிராலியில் அவ்வளவாகப் பேரம் பேசுவதில்லை!

எதையும் வரைவதற்கு முன் ஸ்டாப்வாட்சோடு ஒரு முழு ஷிஃப்ட் அந்த இடத்தில் நில்லுங்கள், ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் சேர்த்து. நடக்கிற நேரம், ஏற்றி இறக்குகிற நேரம், சும்மா காத்திருக்கிற நேரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். நடக்கிற நேரம் பாதிகூட இல்லையென்றால் அந்த வேலையை விட்டுவிட்டு அதே ஆலையில் வேறு வேலை தேடுங்கள்.

லைடார் ஒரு மட்டத்தைத்தான் பார்க்கும்

லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவிதான் லைடார். வண்டியில் கணுக்கால் உயரத்தில் பொருத்தினால் அது அந்த ஒரு மட்டத்தில் இருப்பதை மட்டும் பார்க்கிறது. தரையோடு கிடக்கிற ஃபோர்க்லிஃப்டின் முள் அதற்குக் கீழே, மேஜையின் விளிம்பு அதற்கு மேலே. மேஜைக்கு நான்கு கால்தான் தெரியும், நடுவில் வழி இருக்கிறது என்று வண்டி நேராகப் போகும். முன்பக்கம் தூரத்தையும் அளக்கிற ஒரு டெப்த் கேமராவாவது இல்லாமல் ஆலைக்குள் போகாதீர்கள்.

நூற்பாலையில் எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. மெஷின்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் ஓவர்ஹெட் கிளீனரிலிருந்து நீளமான குழாய்கள் தரை வரை தொங்கிக்கொண்டே நகரும். லைடாருக்கு அது நடந்து வருகிற ஆள். கிளீனர் கடந்து போகும்போதெல்லாம் வண்டி மரியாதையாக நின்றுகொண்டே இருக்கும். அப்புறம் பறக்கிற பஞ்சு. ஆள் அருகில் வந்தால் வண்டியை நிறுத்துகிற சேஃப்டி ஸ்கேனரின் கண்ணாடியில் அது படிந்தால் ஸ்கேனர் தன் கண் மறைந்தது என்று தெரிந்துகொண்டு வண்டியை நிறுத்திவிடும். அது பழுது இல்லை, அப்படித்தான் நிற்க வேண்டும். ஷிஃப்டுக்கு ஒருமுறை யார் துடைப்பது என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மலிவு லைடார்

பத்தாயிரம் ரூபாய் லைடார் வழி காட்டும், ஆளைக் காப்பாற்றாது. ஆளில்லா வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 3691-4 தரத்தைப் படித்துவிட்டு, சான்று பெற்ற ஸ்கேனரின் விலையை முதலிலேயே கொட்டேஷனில் போடுங்கள்.

வோல்டேஜைப் பார்த்து பேட்டரி சதவீதம் காட்டுவது

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் தன் சார்ஜின் பெரும்பகுதி முழுவதும் 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். வோல்டேஜை வைத்துச் சதவீதம் கணக்கிட்டால் பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டிய வண்டி நடுவழியில் படுத்துவிடும். போகிற வருகிற கரன்ட்டைக் கூட்டிக் கழிக்கிற பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) வாங்குங்கள், அவ்வப்போது முழுச் சார்ஜ் ஏற்றி அந்தக் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

வைஃபை

போனால் வண்டி பாதுகாப்பாக நிற்க வேண்டும், வந்தால் யாரும் தொடாமல் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

இலவச பைலட்

ஓர் ஆட்டோ பாகத் தொழிற்சாலைக்கு “மூன்று மாதம் சும்மா ஓட்டிப் பாருங்கள்” என்று போன வண்டி ஒன்று அங்கேயே இரண்டு தீபாவளி கொண்டாடியது. புரொடக்‌ஷன் மேனேஜருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பர்சேஸில் கேட்டால், “அதான் ஓடிட்டிருக்கே, இப்ப எதுக்கு பிஓ?” என்றார்கள். பிஓ என்றால் வாங்குவதற்கான எழுத்துப்பூர்வ ஆர்டர். கொஞ்சமாவது பணம் வாங்குங்கள். ஷிஃப்டுக்கு எத்தனை டிரிப், எத்தனை முறை ஆள் வந்து தொட வேண்டியிருந்தது என்ற இரண்டு எண்ணையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முதல் கூட்டத்திலேயே பர்சேஸ் ஆளை உட்கார வையுங்கள்.

பைலட் பெரிதாகிக்கொண்டே போனால் ஆர்டர் நிச்சயம் என்றும் இல்லை. அமெரிக்காவில் வால்மார்ட் சுமார் 500 கடைகளில் அலமாரியைச் சோதிக்கும் போஸா நோவா ரோபோக்களை ஓடவிட்ட பிறகுதான் 2020-இல் ஒப்பந்தத்தை நிறுத்தியது.

ஸ்பேர்

ஒரு டிரைவ் வீல், ஒரு ஸ்கேனர், ஒரு சார்ஜர் ஆலையின் ஸ்டோரிலேயே இருக்க வேண்டும். இரவு ஷிஃப்டில் நின்ற வண்டியை மறுநாள் பார்சல் வரும்வரை ஓரமாகத் தள்ளி வைத்தால், அதற்குள் பழைய ஆட்கள் பழையபடி தள்ளத் தொடங்கிவிடுவார்கள். ஸ்பேரின் விலையை வண்டியோடு சேர்த்தே முதல் கொட்டேஷனில் போட்டுவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் அந்த பிஓ வராது.