தாய்ச்சி: முதலில் கால் பழகட்டும்

மெல்ல அசைந்து பழகும் சீனக் கலையான தாய்ச்சியைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கைகளைக் காற்றில் அலையவிடத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் ஒரு மாதம் கைகளை மறந்துவிட்டு, உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றப் பழகுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தாய்ச்சி சுவான் என்னும் முழுப்பெயரில் வரும் ‘சுவான்’ கைமுட்டியைக் குறிக்கும். இது அடிப்படையில் போர்க்கலை. ஹெனான் மாகாணத்துச் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் இதைக் கற்ற யாங் லூசான், 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் கற்பித்தார். அவர் வழிவந்த யாங் மரபைச் சுருக்கி 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை வகுத்த 24 அசைவுகளின் வரிசையே புதியவர்களுக்கு ஏற்றது. முழுவதையும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடங்கள் போதும்.

திருவொற்றியூர்ப் பக்கத்தவர்கள் கடற்கரை மணலில் பழகலாமா என்று கேட்பதுண்டு. மணல் காலடியில் சரிந்து முழங்காலைத் திருகும் என்பதால், வெயில் ஏறுமுன் மொட்டை மாடியில், தளம் பெயராத இடமாகப் பார்த்து, தட்டையான மெல்லிய செருப்பணிந்து பழகுவது நல்லது.

முழங்கால்களைச் சற்றே தளர்த்தி நின்று, எடை முழுவதையும் வலக்காலில் இறக்குங்கள். இடக்காலை முன்னே, சற்று வெளிப்புறமாக நீட்டி, குதிகாலை மட்டும் தரையில் வையுங்கள். இப்போது உடல் அசையாமல் அந்தக் காலை மீண்டும் தூக்க முடிந்தால் அது எடை ஏறாத கால். முடியாவிட்டால் எடை முந்திக்கொண்டது, மீண்டும் தொடங்குங்கள். லாரித் தண்ணீர் பிடித்த நிறைகுடத்தை அலம்பாமல் ஒருவர் கைக்கு மாற்றுவதைப்போல, குதிகாலிலிருந்து பாதம் வரை எடையை மெல்ல ஊற்றுங்கள். முழங்கால், விரல்நுனியைத் தாண்டாமல், பாதம் நோக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். திரும்பும்போது, எடை நீங்கிய பாதத்தையே திருப்புங்கள். எடை தாங்கிய காலைத் திருப்பியதால் நான் பல வாரங்கள் படியேற முடியாமல் தவித்தேன்.

சிலம்பம் பழகியவர்களுக்குக் காலடியின் அருமை தெரியும். ஆனால், அவர்கள் கைவந்த வேகத்தைச் சிறிது காலம் அடக்கிவைக்க வேண்டியிருக்கும். மூச்சை எண்ண வேண்டாம், மூக்கின் வழியே இயல்பாக ஓடட்டும்.

பார்கின்சன் நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், வாரம் இருமுறை வீதம் 24 வாரங்கள் தாய்ச்சி பழகியவர்களின் உடற்சமநிலை மேம்பட்டது. ஆயினும் மருத்துவர் தந்த மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடக் கூடாது.

கால் பழகிய பின் கைகளைச் சேர்த்து, வரிசை மனத்தில் பதிந்ததும், ஆசிரியரின் மேற்பார்வையில் ‘தள்ளு கை’ பயிற்சிக்கு வாருங்கள். மணிக்கட்டோடு மணிக்கட்டு தொட்டு நிற்கையில் எதிரே நிற்பவர் மெல்லத் தள்ளுவார். எதிர்த்துத் தள்ளாமல், அந்த விசையை வாங்கிப் பின்காலில் இறக்கி, இடுப்பைத் திருப்பி அதைப் பக்கவாட்டில் வழியவிடுங்கள்.