விரல் எடுக்குமுன் பதில் தயார்: செயலியில் காத்திருப்பைக் குறைக்கும் முறை

தோவாளைப் பூச்சந்தையில் வாடிக்கைக்காரர் வருவதைக் கண்டதுமே வியாபாரியின் கை பிச்சிப்பூக் கூடைக்குப் போய்விடும். அவர் வாய் திறப்பதற்குள் தராசில் பூ விழுந்திருக்கும். அன்று அவர் அரளி கேட்டால், நிறுத்த பிச்சியைக் கூடையிலேயே திரும்பக் கொட்டிவிடலாம். பயனர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகித்து, அதற்கான பதிலைச் சேவையகத்திலிருந்து முன்கூட்டியே வாங்கி வைக்கும் ‘முன்கொணர்தல்’ உத்தியும் இப்படிப்பட்டதுதான். திரும்பக் கொட்ட முடிகிற ஊகத்தை மட்டும் செய்ய வேண்டும் என்பதே இதில் முதல் விதி. பூ விலையைக் காட்டி ஆர்டர் எடுக்கும் ஒரு சிறு செயலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைச் செய்யும் முறையைப் பார்ப்போம்.

முதலில் தாமதம் எங்கே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். விரல் பட்ட 0.1 விநாடிக்குள் திரை மாறினால் அது உடனே நடந்ததாகவே நமக்குத் தோன்றும். 1 விநாடியைத் தாண்டினால் கவனம் சிதறத் தொடங்கும். நாகர்கோவிலுக்கும் மும்பைக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், மும்பையில் உள்ள சேவையகத்துக்கு ஒருமுறை போய்வர 13 மில்லி விநாடிக்குக் குறையாது. புதிய இணைப்பானால் இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி நெறிமுறைக்கு ஒரு நடை, அதை மறையாக்கிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் 1.3-க்கு ஒரு நடை, கோரிக்கைக்கு ஒரு நடை என மூன்று நடை வேண்டும். வழித்தடம் சுற்றிப் போவதும் கைப்பேசிக் கோபுரத்தின் நெரிசலும் இதைப் பல மடங்காக்கும். இந்தத் தூரத்தை எந்த நிரலாலும் சுருக்க முடியாது என்பதால்தான் முன்கூட்டியே புறப்பட வேண்டியிருக்கிறது. ஆனால் தரவுத்தள வினவலே இரண்டு விநாடி எடுக்கிறதென்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். ஊகத்தால் அதை மூடி மறைத்தால் சேவையகத்தின் சுமைதான் பெருகும்.

அடுத்து, எப்போது ஊகிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். திரை திறந்தவுடனே பட்டியலில் உள்ள இருபது பூக்களின் விவரங்களையும் இறக்குவது பலருக்குத் தோன்றும் முதல் யோசனை. அது பயனரின் டேட்டாவை வீணடிக்கும். பழைய ஆர்டர் பதிவுகளைப் பார்த்து, அந்தப் பயனர் அடிக்கடி எடுக்கும் ஒன்று அல்லது இரண்டு பூக்களை மட்டும், திரை முழுதும் வந்து இணைப்பு சும்மா இருக்கும் நேரத்தில் கொண்டுவாருங்கள். மற்றவற்றுக்கு விரல் திரையில் படும் கணமே போதுமானது: பொத்தானை அழுத்துவதற்கும் விரலை எடுப்பதற்கும் இடையே பெரும்பாலும் நூறு மில்லி விநாடி அளவு கிடைக்கிறது, அந்த நேரத்தில் ஊகம் ஏறக்குறைய உறுதியாகிவிடுகிறது. கணினித் திரையில் சுட்டி நிற்கும் இடமே குறிப்பு தரும். எந்தப் பக்கத்தை எப்போது ஊகித்து எடுக்கலாம் என்று உலாவிக்குச் சொல்லும் குரோமின் ஸ்பெகுலேஷன் ரூல்ஸ் வசதியில் ‘மாடரேட்’ (மிதமானது) என்று அமைத்தால், சுட்டி ஓர் இணைப்பின்மேல் 200 மில்லி விநாடி நின்றதும் அந்தப் பக்கத்தை எடுக்கத் தொடங்கிவிடும்.

நிரல் எழுதும்போது பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. முன்கூட்டிய கோரிக்கை இன்னும் பாதி வழியில் இருக்கும்போதே பயனர் அதே பூவைத் தொட்டுவிட்டால், இரண்டாவது கோரிக்கையை அனுப்பாமல் முதல் கோரிக்கையின் பதிலுக்கே காத்திருக்கும்படி செய்ய வேண்டும். இல்லையெனில் உத்தியைச் சேர்த்த பிறகு செயலி முன்னைவிட மெதுவாகும். அவர் வேறு பூவைத் தொட்டால் பழைய கோரிக்கையை உடனே ரத்து செய்து அவருக்கு வழிவிடுங்கள்.

ஒரு பூ வியாபாரிக்காக நான் எழுதிய முதல் வடிவத்தில், ஆர்டர் பக்கத்தைத் திறக்கும் கோரிக்கையே அளவையும் முன்பதிவு செய்யும்படி வைத்திருந்தேன். முன்கொணர்தலைச் சேர்த்த மறுநாள், பட்டியலை நகர்த்த விரல் வைத்தவர்கள் பெயரிலெல்லாம் பிச்சிப்பூ ஒதுக்கப்பட்டிருந்தது. அவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களும் இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன: 2005-இல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர், பக்கத்திலிருந்த இணைப்புகளை முன்கூட்டியே எடுக்கும்போது ‘நீக்கு’ என்ற இணைப்புகளையும் தொட்டதால் சில வலைச் செயலிகளில் பயனர்களின் தரவு அழிந்தது. தகவலைக் கேட்டு வாங்கும் ‘கெட்’ கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது, மாற்றுவதெல்லாம் தகவலை அனுப்பும் ‘போஸ்ட்’ கோரிக்கை வழியாகவே போக வேண்டும் என்ற பழைய விதியைத் தளர்த்தாதீர்கள். முன்கொணர்ந்த பக்கத்தைப் ‘பார்த்த பக்கம்’ என்று கணக்கில் சேர்த்துவிடாமலும் கவனியுங்கள். கோரிக்கை எதற்கானது என்று சொல்ல உலாவி அதனுடன் அனுப்பும் ‘செக்-பர்ப்பஸ்’ என்ற தலைப்புக் குறிப்பைக் கொண்டு சேவையகம் அதைப் பிரித்தறியலாம்.

வாங்கி வைத்த பதில் எவ்வளவு நேரம் செல்லும் என்பது பொருளைப் பொறுத்தது. பூவின் படத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். ஓணத்துக்காகக் கேரள வியாபாரிகள் தோவாளையில் குவியும் நாட்களில் விலையை ஒரு நிமிடத்துக்கு மேல் நம்பக் கூடாது. முன்கொணர்ந்த விலையை உடனே காட்டுங்கள். ஆனால் ஆர்டரை உறுதி செய்யும்போது சேவையகம் மீண்டும் சரிபார்த்து, விலை மாறியிருந்தால் பயனரிடம் கேட்ட பிறகே மேலே செல்ல வேண்டும்.

டேட்டா செலவைக் குறைக்கும் ‘டேட்டா சேவர்’ அமைப்பை இயக்கியிருப்பவரின் கைப்பேசியில் ஊகத்தை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். மற்றவர்களுக்கு, முன்கொணர்ந்தவற்றில் எத்தனை உண்மையில் பயன்பட்டன என்று வாரந்தோறும் எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றுகூடப் பயன்படாத ஊகத்தை நான் எடுத்துவிடுவேன். காத்திருப்பு நேரத்தில் சராசரியைப் பார்த்து மகிழ வேண்டாம், பதிலை மிக மெதுவாகப் பெற்ற நூற்றில் ஐந்து பேரின் நேரத்தைப் பாருங்கள். அலுவலக வைஃபையில் எல்லாம் வேகமாகவே தெரியும் என்பதால், கைப்பேசியை எடுத்துக்கொண்டு குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை செல்லும் பேருந்தில் ஏறி, சிக்னல் தேய்ந்து வரும் இடத்தில் ஒரு பூவைத் தொட்டுப் பாருங்கள்.