கையை நீட்டுங்கள், பாடம் தொடங்குவோம்: உடலமைப்பியல் அறிமுகம்

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாளே வரும் கேள்வி: “சேர், இவ்வளவு சொல்லையும் எப்படிப் பாடமாக்குறது?” பாடமாக்க வேண்டாம். உங்கள் கை ஒன்றே போதும்.

முதலில் எழுந்து நில்லுங்கள். பாதங்கள் முன்னோக்கி, கைகள் பக்கத்தில் தொங்க, உள்ளங்கை முன்பக்கம் பார்க்கட்டும். பஸ்ஸுக்கு நிற்கும் யாரும் இப்படி நிற்பதில்லைதான். ஆனால் உடலமைப்பியலில் மேல், கீழ், முன், பின் எல்லாம் இந்த நிலையை வைத்தே சொல்லப்படும். உள்ளங்கைக்கு ஏன் இந்தக் கண்டிப்பு? முன்கையில் இரண்டு என்புகள்: பெருவிரல் பக்கம் ஆரை, சுண்டுவிரல் பக்கம் அரந்தி. இப்போது இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. மற்றக் கையால் முன்கையைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைப் பின்னே திருப்புங்கள். ஏதோ உருளுவது விரலுக்குத் தெரிகிறதா? ஆரை, அரந்தியைக் குறுக்கே கடக்கிறது. கை திரும்பினால் என்பின் இடமே மாறுகிறது. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நிலை.

உடலின் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பது மீடியல், தள்ளி இருப்பது லட்டரல். ஆக, ஆரை லட்டரல். கை உடலோடு சேரும் தோளுக்குக் கிட்ட இருப்பது அண்மை, தூர இருப்பது சேய்மை. முழங்கையை விட மணிக்கட்டு சேய்மை.

வலம், இடம் என்பவை படத்தில் இருப்பவருடையவை, உங்களுடையவை அல்ல. நான் படித்த காலத்தில் ஒரு சோதனையில் ஈரலை இடப்பக்கம் என்று எழுதிப் புள்ளி இழந்தேன். படத்தில் அது என் இடக்கைப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான் என் தர்க்கம்.

சரி, இனி மணிக்கட்டு. பெருவிரலின் அடிப்பக்கமாக, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பார்க்காதீர்கள், அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். துடிக்கிறதே, அது ஆரை நாடி. இந்த ‘நாடி’ கொஞ்சம் வில்லங்கமான சொல். நம் பாடப்புத்தகத்தில் அது இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் குழாய். திருப்பிக் கொண்டுவருவது நாளம். இந்திய யூடியூப் பாடங்களில் அவையே தமனி, சிரை. வைத்தியர் ‘நாடி பார்ப்பது’ துடிப்பை. அம்மம்மா ‘நாடியில கை வைச்சு யோசிக்கிறது’ மோவாயில்! அதேபோல் இந்தியப் பாடங்களில் செல், திசு, மண்டலம் என்றால் இங்கே கலம், இழையம், தொகுதி. சோதனைக்கு நம் சொல்லையே எழுதுங்கள்.

விரலுக்கடியில் இருப்பதையே படிப்படியாகப் பிரித்துப் பார்க்கலாம். நாடியின் சுவரில் கலங்கள். ஒரே வகைக் கலங்கள் சேர்ந்தால் இழையம். சுவரில் மேலணியிழையம், தசையிழையம், தொடுப்பிழையம் மூன்றும் உண்டு. பல இழையங்கள் ஒரு வேலைக்காகச் சேர்ந்தது அங்கம். இதயம், நாடி, நாளம் எல்லாம் சேர்ந்தது குருதிச் சுற்றோட்டத் தொகுதி. இவ்வளவும் அமைப்பு, அதாவது உடலமைப்பியல்.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் உடற்றொழிலியல். ஒரு நிமிடம் துடிப்பை எண்ணி எழுதுங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்தவருக்குப் பொதுவாக 60 முதல் 100 வரை. அப்புறம் லிப்டை விட்டுவிட்டுத் தொடர்மாடியின் மூன்று மாடி ஏறி, மறுபடி எண்ணுங்கள். (இதய வருத்தம் உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.) கூடியிருக்கும்: தசைகள் ஒட்சிசன் கேட்கின்றன, நரம்புகள் இதயத்தை விரட்டுகின்றன. ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எண்ணினால் இறங்கத் தொடங்கியிருக்கும்.

இப்போது நெற்றியைத் தொடுங்கள். வியர்வை. உடலின் உள்வெப்பநிலை 37 பாகை செல்சியசை விட ஏறத் தொடங்கியதும் மூளையின் ஐப்போதலமசு வியர்வைச் சுரப்பிகளை ஏவுகிறது. வெப்பம் குறைந்ததும் ஏவலும் குறைகிறது. மாற்றத்துக்கு எதிராகவே வேலை செய்வதால் இது மறைப் பின்னூட்டல். இப்படி உள்ளே நிலைமையைச் சீராக வைத்திருப்பதுதான் ஓர்சீர்த்திடநிலை. பெயர்தான் பயமுறுத்தும். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கொழும்பின் ஈரக்காற்றில் அது லேசில் ஆவியாகாமல் சட்டையை நனைத்துக்கொண்டு வழிகிறது. மின்விசிறியைப் போட்டுவிட்டு, மறுபடி மணிக்கட்டில் விரலை வையுங்கள்.