ஏ.டி.வி.க்கு ட்ராக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நீலகிரியில் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் ஒரு தம்பி போனை நீட்டினார். "அண்ணா, ஒரு ட்ராக் செட் விலைக்கு வருது. ஸ்னோ ட்ராக்காம். நம்ம ஊருலதான் பனி விழுதே, சரியா இருக்கும்ல?" இந்த வருஷம் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவர். இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டு, "ஆமாம்" என்ற பதிலை நம்பி, ஒரு போகத்துக் கேரட் பணத்தை இழந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏ.டி.வி. என்பது மேடுபள்ளத்தில் ஓட்டும், பைக் மாதிரி ஹேண்டில் வைத்த நாலு சக்கர வண்டி. அதன் நாலு டயரையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் முக்கோணமாக மாட்டும் ரப்பர் பட்டைதான் ட்ராக். நட்டை இறுக்குவது, கிரீஸ் அடிப்பது எல்லாம் இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

டயரைச் சோதிக்காமலே ட்ராக்குக்குப் போவது

வண்டி சேற்றில் புதைகிறது என்றால் முதலில் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பாருங்கள். ஏ.டி.வி. டயருக்கு ஐந்து பவுண்டு சுற்றளவில் காற்று போதும். இங்கே பலரும் பைக் நினைப்பில் இருபதுக்கு மேல் அடித்து வைத்திருக்கிறார்கள். பல் ஆழமான மண் டயர் போட்டு, காற்றையும் குறைத்தாலே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

அதற்கும் மேல் தேவைப்பட்டால்தான் ட்ராக். வண்டி, ட்ராக், ஆள், இரண்டு மூட்டை எல்லாம் சேர்த்து 620 கிலோ என்று வையுங்கள். ஒரு ட்ராக் ஓர் அடி அகலமும் இரண்டடிக்குச் சற்று மேல் நீளமும் மண்ணில் படிகிறது. நாலுக்கும் கணக்குப் போட்டால் சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு சுமைதான் வருகிறது. ஐப்பசி மழையில் ஊறிய செம்மண்ணில் வண்டி மிதப்பது இதனால்தான்.

'பனி' என்ற சொல்லை நம்பி வாங்குவது

நாம் புல் நுனியில் நிற்கும் துளியையும் பனி என்கிறோம். தலைகுந்தாவிலும் காந்தலிலும் மார்கழிக் காலையில் புல்வெளி மேல் உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடப்பதையும் பனி என்கிறோம். கனடாவில் முழங்கால் ஆழத்துக்குக் கொட்டுவதும் நமக்குப் பனிதான். ட்ராக் செய்கிறவர்களுக்கு 'ஸ்னோ' என்றால் அந்தக் கடைசி வகை மட்டும்தான். நம் உறைபனி வெயில் ஏறினால் போயிற்று. கீழே கிடப்பது அதே மண், அதே கல், அதே சிமெண்ட் பாதை.

ரப்பர் ட்ராக்கே கொட்டும் பனிக்காகப் பிறந்ததுதான். ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் கார்கள் பனியில் ஓடவேண்டும் என்று அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1910-களில் செய்ததிலிருந்து இந்த வகை வளர்ந்தது. இன்றும் குளிர்நாட்டுச் சந்தைக்கென்றே செய்யும் ஸ்னோ செட்டுகள் உண்டு. அவற்றில் பலவற்றின் உள்ளே ரப்பர் பட்டை ஒரு பிளாஸ்டிக் ஸ்லைடின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். உள்ளே புகும் பனிதான் அதற்கு எண்ணெய், அதுவேதான் குளிர்ச்சி. பனி இல்லையென்றால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் காய்ந்து உரசிக்கொண்டே இருக்கும்.

இது எனக்கு மாசி மாதம், அறுவடையின் இரண்டாம் நாள் புரிந்தது. தோட்டத்திலிருந்து லாரி நிற்கும் இடம் முக்கால் கிலோமீட்டர், அதில் பாதி சிமெண்ட் பாதை. நாலாவது நடையில் பால் கவர் எரிவது போல ஒரு வாடை. வயரிங் என்று நினைத்து சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினேன். சாயங்காலம் ட்ராக்கைக் கழற்றியபோது ஸ்லைடின் ஓரம் இளகி, சுருண்டு, அதில் செம்மண் தூள் அப்பி உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. அந்த உப்புத்தாள் பட்டையின் உட்பக்கம் இருக்கும் இரும்புக் கிளிப்புகளைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டது. சில கிளிப்புகள் காகிதம் போல மெலிந்திருந்தன. ஸ்லைடை மாற்றலாம். கிளிப் போன பட்டையை என்ன செய்வது?

வெளிப்பக்கமும் அதே கதிதான். ஸ்னோ ட்ராக்கின் ரப்பர் பல் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் உயரமாக, மெத்தென்று இருக்கும். சிமெண்டில் அது மடங்கி மடங்கி அடியில் வெடிப்பு விடும். தோட்டத்திலோ, வளைவில் திருப்பும் இடத்தில் மண்ணைத் தோண்டி எடுத்துவிடும். அடுத்த மழையில் அந்தப் பள்ளம் வழியாகத்தான் தண்ணீர் பாத்திக்குள் இறங்கியது.

நமக்கு வேண்டியது எல்லாப் பருவத்துக்குமான ட்ராக். அதில் சுமையைத் தாங்குவது வரிசையாக நிற்கும் பேரிங் ரோலர்கள். பல் ஓர் அங்குலம் சுற்றளவில், சற்றுக் கெட்டியாக இருக்கும். விலை கூடுதல்தான். ஆனாலும் இதில் மட்டும் பேரம் பார்க்காதீர்கள். எனக்கு விற்றவரிடம் "கல்லும் சிமெண்டும் இருக்கிறதே" என்று கேட்டேன். "அதெல்லாம் ஓடும்" என்றார். ஓடியது, ஒன்றரை நாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதிலை நினைத்தால் கோபம் வருகிறது.

பின்னால் மட்டும் இரண்டு ட்ராக்

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் வேண்டாம். முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றி, சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் உடையும்.

சின்ன இன்ஜினில் மாட்டுவது

நாலு ட்ராக்கும் சேர்ந்து நூறு கிலோவைத் தாண்டும். அதோடு சேற்றையும் சேர்த்துத்தான் இன்ஜின் இழுக்கிறது. 300 சிசிக்குக் கீழே யாருக்கும் நான் சொல்வதில்லை. ட்ராக்கைச் சுற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் டயரைவிடச் சிறியது என்பதால் இழுவை கூடும், வேகம் மூன்றில் ஒரு பங்காவது குறையும். மீட்டர் இது தெரியாமல் பழைய வேகத்தையே காட்டும். இன்ஜின் இழுவை பெல்ட் வழியாகப் போகும் வண்டி என்றால் ஏற்றத்தில் எப்போதும் லோ கியர். பவர் ஸ்டீயரிங் இல்லாவிட்டால் நாள் முடிவில் தோள்பட்டை விட்டுப்போகும்.

பிடிகம்பியை அளக்காமல் மாட்டுவது

ட்ராக் தன் அச்சிலேயே கவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி உண்டு. அதன் நீளத்தை வைத்துத்தான் ட்ராக்கின் மூக்கு எவ்வளவு தூக்கி நிற்கும் என்பது அமையும். மூக்கு தாழ்ந்திருந்தால் வரப்பில் குத்தும். ரொம்பத் தூக்கியிருந்தால் குதிகால் மட்டும் தேயும். சமதரையில் நிறுத்தி, ஆள் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள்.

சரிவில் குறுக்கே போவது

ட்ராக் மாட்டிய வண்டி சில அங்குலம் உயர்ந்துவிடும். டயர் வண்டி குறுக்குச் சரிவில் முதலில் வழுக்கும், அதுவே நமக்கு எச்சரிக்கை. ட்ராக் மண்ணைப் பிடித்துக்கொண்டே இருந்து திடீரென்று கவிழ்கிறது. நம் படிநிலங்களில் வரப்போரம் ஓட்டவே கூடாது. நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றாதீர்கள்.

சோலைப் புல்வெளி

ட்ராக்கோ டயரோ, அங்கே இறக்க வேண்டாம்.

பழைய செட்டைப் போட்டோவில் பார்த்து வாங்குவது

வெளிப்பக்கப் பல்லை மட்டும் கழுவிப் படம் எடுத்து அனுப்புவார்கள். உள்ளே பார்க்க வேண்டும். ஸ்லைடின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், சுருண்டிருந்தால் சூடாகியிருக்கிறது. ரோலர் ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங்கில் தண்ணீர் போயிருக்கிறது. கிளிப் தேய்ந்திருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

தம்பி காட்டிய ஆறு படத்திலும் உட்பக்கம் இல்லை. கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.