வீடு, மனை விற்பவர்கள் இணையதளமும் ஹோஸ்டிங்கும் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவரம், கொளத்தூர், திருவொற்றியூர் பக்கம் வீடு, மனை விற்பனைத் தொழிலில் இருப்பவர்கள் பத்திரத்தில் எல்லை அளவு ஓரடி மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். வில்லங்கச் சான்றைப் பார்க்காமல் யாருக்கும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் இணையதளம் என்று வந்தால், "எல்லாத்தையும் நீங்களே பாத்துக்குங்க தம்பி" என்று வெப் டிசைனரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்குகின்றன.

அவற்றுள் மிகப் பெரியது, டொமைன் பெயரை, அதாவது தளத்தின் இணைய முகவரியை, டிசைனரின் கணக்கில் பதிவு செய்ய விடுவது. பணம் நீங்கள் கொடுத்து, பத்திரத்தை இன்னொருவர் பெயரில் பதிந்துகொள்ள விடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, எந்தக் கைபேசி எண்ணுக்கு ஓடிபி வருகிறதோ, அவர் கையில்தான் அந்தப் பெயர் இருக்கும். அவர் தொழிலை விட்டுப் போனாலோ உங்களோடு மனக்கசப்பு ஏற்பட்டாலோ, செங்குன்றம் சாலையில் நட்ட பலகை முதல் விசிட்டிங் கார்டு வரை நீங்கள் அச்சடித்த முகவரி உங்கள் பிடியில் இருக்காது. டாட் காம் பெயர் காலாவதியாகி, பதிவு நிறுவனம் அதை நீக்கிவிட்டால், மீட்பதற்கு 30 நாள் அவகாசம் உண்டு என்றாலும், அதற்கான கட்டணம் வழக்கமான ரினியூவலைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குப் பிறகு அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆகவே உரிமையாளரின் மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும் கணக்கைத் தொடங்கிவிட்டு, டிசைனருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுங்கள். டாட் இன் பெயர்களின் பதிவேட்டை நிர்வகிக்கும் நிக்ஸி, தன்னிடம் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாகவே அவற்றை விற்கிறது என்பதால், நீங்கள் வாங்கும் இடம் அப்படிப்பட்டதுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, விளம்பரத்தில் தெரியும் விலையை மட்டும் பார்ப்பது. ஹோஸ்டிங்கில், அதாவது தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைக்க வாடகைக்கு எடுக்கும் இடத்தில், முதல் முறை கட்டும் விலை வேறு, ரினியூவல் விலை வேறு. இரண்டையும் கேட்டு, 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து, மூன்றாண்டுச் செலவாகக் கணக்கிட்டால்தான் எது மலிவு என்பது தெரியும். "அன்லிமிடெட்" என்று எழுதியிருக்கும் திட்டங்களிலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பது வழக்கம். உங்கள் தொழிலில் அந்த வரம்பு சீக்கிரமே குறுக்கே நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் பத்துப் பதினைந்து படம் ஏற்றுகிறீர்கள், தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் பல அளவுகளில் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கிறது.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கைபேசியில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு படங்கள் உள்ள பக்கம் 48 எம்பி ஆகிறது. விம்கோ நகர் மெட்ரோவில் நின்றபடி அதைத் திறப்பவர், சமையலறைப் படம் வருவதற்குள் வேறு விளம்பரத்துக்குப் போய்விடுவார். அதே படங்களைச் சுருக்கி, குறைந்த இடம் பிடிக்கும் வெப்பி (WebP) பட வடிவத்தில் ஏற்றினால் மொத்தமே 2 எம்பிக்குள் அடங்கும். இதைச் செய்யாமல் விலை உயர்ந்த சர்வருக்கு (தளத்தை வைத்திருக்கும் கணினிக்கு) மாறுவது வீண் செலவு. வாங்க வருபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள் என்பதால், மும்பை போன்ற இந்திய நகரில் சர்வர் வைத்திருக்கும் நிறுவனமாகத் தேர்ந்தெடுங்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே செல்லும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பெரிய தொகை கேட்டால் காரணம் கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

99.9 சதவீத நேரம் இயங்கும் என்ற உறுதியைக் கேட்டுத் திருப்தியடைபவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் தளம் நின்றாலும் அந்த உறுதி மீறப்பட்டதாகாது. அந்த நேரம், வீடு பார்க்க ஆட்கள் கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வந்தால் உங்களுக்குத்தான் நட்டம். எனவே பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய உதவி எண்ணுக்கு அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.

பேக்கப் பிரதியை அலுவலகக் கணினியில் மட்டும் வைத்திருப்பதும் போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி எனப் பல இடங்களில் தரைத்தளம் வரை தண்ணீர் புகுந்ததை நாம் பார்த்தோம். மாதம் ஒருமுறை முழுத் தளத்தையும் இறக்கி, கூகுள் டிரைவ் போன்ற வேறொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.

விசாரணைப் படிவத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். வீடு தேடும் குடும்பம் பெயரும் எண்ணும் எழுதி அனுப்புகிறது. அது டிசைனரின் பழைய மின்னஞ்சலுக்கோ ஸ்பேம் பெட்டிக்கோ போய்க் கிடக்கிறது. வாரம் ஒருமுறை நீங்களே படிவத்தை நிரப்பி அனுப்பி, எங்கே வந்து சேர்கிறது என்று பாருங்கள்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தின் விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணையதள முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். எந்த ஊடகத்தில் வந்தாலும் அது விளம்பரமே. விளம்பரத்தில் உள்ள தவறான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நட்டமடைந்தவருக்குக் கட்டுமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. அங்கீகாரம் வருவதற்கு முன் எழுதிய வாசகத்தையோ விற்றுமுடிந்த வீட்டையோ அன்றைக்கே நீக்க வேண்டுமானால், தளத்தின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

வேறு நிறுவனத்துக்கு மாறும்போதும் அவசரப்பட வேண்டாம். டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ 48 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், பழைய ஹோஸ்டிங்கை ஒரு மாதமாவது நீட்டித்து வையுங்கள். மின்னஞ்சலும் அதே ஹோஸ்டிங்கில் இருந்தால், அதை ரத்து செய்த உடனே வாடிக்கையாளர் அனுப்பிய பத்திர நகல்களும் சேர்ந்தே அழிந்துபோகும். அவற்றை முதலில் இறக்கிக்கொண்டு, பிறகு ரத்து செய்யுங்கள்.