தோட்டப்புறப் பிள்ளைகளின் பள்ளியிடமும் பராமரிப்பும்: எந்த இலாகாவிடம் போக வேண்டும்?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில், அதாவது மூத்தவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கும் நம் ஊரில், பிள்ளைகள் தொடர்பான குறை எதுவானாலும் முதலில் நகராண்மைக் கழகத்திடம் கொண்டு செல்வதே வழக்கமாக இருக்கிறது. மதிப்பீட்டு வரி வாங்குகிறது, குப்பை அள்ளுகிறது, ஆகவே இதையும் அதுவே கவனிக்கும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் பள்ளியில் இடம் கொடுப்பது கல்வி அமைச்சின் கீழுள்ள மாவட்டக் கல்வி இலாகா. குழந்தைப் பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்து சோதிப்பது சமூக நல இலாகா. கழகத்தின் கையில் இருப்பவை கட்டடமும் நிலத்திட்டமும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்த ஆண்டுகளில், தவறான முகப்பில் காத்திருந்தே மாதங்களைத் தொலைத்த தாய்மார்களை நான் கண்டிருக்கிறேன். அந்த அலைச்சல் இனி யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பள்ளி. தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயம். ஆறு வயதான பிள்ளையைத் தொடக்கப்பள்ளியில் பதியத் தவறும் பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. முதலாம் ஆண்டுப் பதிவைக் கல்வி அமைச்சின் ஐடிமீ இணையத்தளத்தில் செய்ய வேண்டும். கணினி பழக்கம் இல்லாதவர்கள் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி அலுவலகத்துக்கே போய் உதவி கேட்கலாம். பிறப்புப் பத்திரமும் பெற்றோரின் அடையாள அட்டைகளும் கையில் இருக்கட்டும். லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருப்போரிடம் தம் பெயரில் தண்ணீர், மின்சாரக் கட்டணச் சீட்டுகள் இருப்பது அரிது என்பதால், இன்ன வீட்டில் குடியிருக்கிறார் என்று தோட்ட நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

தோட்டப்புறத்தில் உண்மையான சிக்கல் பிறப்புப் பத்திரம்தான். குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் பதிய வேண்டும். திருமணம் பதியப்படாமலோ, தாய் வெளிநாட்டவராக இருந்தோ, வீட்டில் பிரசவமாகியோ இது விடுபட்டுப் போன குடும்பங்கள் நம்மிடையே இன்றும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையைப் 'பத்திரம் வரட்டும்' என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். தேசியப் பதிவு இலாகாவில் தாமதப் பதிவுக்கு விண்ணப்பித்து, அதற்கான அத்தாட்சியுடன் மாவட்டக் கல்வி இலாகாவுக்குச் சென்று, பத்திரமில்லாத பிள்ளையைச் சேர்க்கும் நடைமுறை என்னவென்று நேரில் கேளுங்கள். பெற்றோரில் ஒருவர் மலேசியக் குடிமகனாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். இரண்டு வேலைகளும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், ஏனென்றால் வகுப்பில் கழியாத ஓர் ஆண்டு பிள்ளைக்குத் திரும்பி வராது. தமிழ்ப்பள்ளி வளாகத்திலுள்ள அரசாங்கப் பாலர் வகுப்பில் 25 பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் என்பதால், அங்கே முந்திக்கொள்வது அவசியம்.

அடுத்தது பராமரிப்பு. முன்பு பால்மரம் வெட்டப் போகும் தாய் அதிகாலையிலேயே பிள்ளையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அதை நடத்தியது தோட்ட நிர்வாகம். குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிய பின், தொழிற்சாலை வேலைக்குப் போகும் தாய்மார்கள் பக்கத்து வீட்டு அக்காவிடமோ கடைவீடுகளில் நடக்கும் தாஸ்கா எனும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களிடமோ பிள்ளைகளை ஒப்படைக்கிறார்கள். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின்படி, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு முதல் ஒன்பது பிள்ளைகளைத் தம் வீட்டில் கூலிக்குப் பார்ப்பவரும் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். பத்தும் அதற்கு மேலும் இருந்தால் அது நிறுவனத் தாஸ்கா. மூன்று பிள்ளைகளை மட்டும் பார்க்கும் அக்காவுக்கு இந்தக் கடமை இல்லை, எனவே அங்கே உங்கள் கண்தான் காவல்.

தாஸ்காவுக்குள் நுழைந்ததும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு தலைகளை எண்ணுங்கள்: நிறுவனத் தாஸ்காவில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயதுவரை பத்துப் பேருக்கு ஒருவர் என்பதே விதி. காலையில் பிள்ளையை விடும்போது சரியாக இருக்கும் எண்ணிக்கை மதியத்தில் மாறிவிடலாம். ஆகவே ஒரு நாள் சொல்லாமல் மதியம் போய்ப் பாருங்கள். பணிவாகக் கேட்டும் உள்ளே விட மறுக்கும் இடத்தில் என் பேரப்பிள்ளையை நான் விடமாட்டேன். விதி மீறப்பட்டால் புகார் போக வேண்டியது மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கு. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான தனியார் தாடிகா, அதாவது பாலர் பள்ளி, கல்விச் சட்டத்தின் கீழ் வருவதால், அதைப் பற்றிய புகார் மாவட்டக் கல்வி இலாகாவுக்கு உரியது.

அப்படியானால் கழகத்துக்கு வேலையே இல்லையா? உண்டு, பெரிய வேலை. தாஸ்கா நடத்த விரும்புபவர் தீயணைப்பு மீட்பு இலாகா, சுகாதார இலாகா ஆகியவற்றின் ஆதரவோடு ஊராட்சியின், அதாவது கழகத்தின், ஒப்புதலையும் பெற்றாக வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டிருந்தாலோ, பள்ளி வாசலில் கால்வாய் உடைந்திருந்தாலோ, தெருவிளக்கு எரியாவிட்டாலோ கேட்க வேண்டிய இடம் கழகமே. அதைவிட முக்கியமானது நிலத்திட்டம். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறும்போது, பள்ளிக்கும் பாலர் பள்ளிக்கும் எங்கே நிலம் ஒதுக்கப்படுகிறது என்பது ஊராட்சி அங்கீகரிக்கும் வரைபடத்தில்தான் முடிவாகிறது. வீடுகள் எழுந்த பிறகு இடம் போதவில்லை என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைவிட, உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும் காலத்திலேயே எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிப்பது பலமடங்கு பயனுள்ளது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டதிலிருந்து கழக உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். நம் வாக்கு அங்கே எட்டுவதில்லை என்றாலும், தீர்மானம் போட்டுத் தடுத்தாலொழிய முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் சொல்கிறது. நான்கு பெற்றோர் சேர்ந்து போய்ப் பின்வரிசையில் அமருங்கள்.

ஒரு பிள்ளை அடிக்கப்படுகிறது, பட்டினி போடப்படுகிறது, கைவிடப்பட்டிருக்கிறது என்ற ஐயம் எழுந்தால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். இரவு பகல் எந்நேரமும் 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணை அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

மற்ற புகார்களைத் தேதி, நேரம், கண்ணால் கண்டது ஆகியவற்றோடு ஒரே பக்கத்தில், முடிந்தால் மலாயில் எழுதுங்கள். இரண்டு நகல்களைக் கொண்டு சென்று, ஒன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரையைப் பதித்து வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த நகலைக் காட்டித்தான் அடுத்த அதிகாரியைக் கேட்க முடியும்.