ரோபோ புராஸ்டேட் அறுவை: கற்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ரோபோ என்றதும், பொத்தானை அழுத்தினால் அதுவே புற்றுநோய் வந்த புராஸ்டேட்டை (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) எடுத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தானாக எதையும் வெட்டாது. சில அடி தள்ளி கன்சோலில், அதாவது கட்டுப்பாட்டு மேசையில், முகம் புதைத்து உட்கார்ந்திருக்கும் மருத்துவர் விரலை அசைத்தால் உள்ளே கருவி அசையும், அவ்வளவுதான்.

திறந்த அறுவையில் (வயிற்றைக் கீறிக் கையால் செய்வது) தேர்ந்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கையை நம்பித்தான். விரலால் தடவியே திசுவை அறிந்து பழகியவர்கள் அவர்கள். டா வின்சி என்ற அறுவை ரோபோவோ, 2024இல் ஐந்தாம் தலைமுறை வரும்வரை, இழுக்கும் விசையைக் கைக்கு உணர்த்தியதே இல்லை. புராஸ்டேட்டை எடுத்த பிறகு சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் சேர்த்துத் தைக்கும் கட்டத்தில் இது நன்றாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் இறுக்கலாமே என்று இழுத்தால் நூல் பட்டென்று அறும். அறாவிட்டால் சதை கிழியும். நூல் விறைக்கிறதா, ஊசித்துளை நீள்கிறதா, சதை வெளுக்கிறதா என்று பார்த்தே இறுக்கத்தைக் கணிக்க வேண்டும். சிமுலேட்டரை (கணினியில் பழகும் பயிற்சிக் கருவி) வீடியோ கேம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நோயாளியின் உடம்பில்தான் கற்கிறார்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனையில் ரோபோ முறையை நிலைநிறுத்திய மணி மேனன், புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். திறந்த அறுவையில் பெயர் பெற்றிருந்தும், பாரிசிலிருந்து லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவியும் செலுத்திச் செய்யும் அறுவை) நிபுணர்களை வரவழைத்துக் கற்ற பிறகே ரோபோவுக்கு வந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை.

கேமராவில் தெரியாத கருவியை நகர்த்துவது இன்னொரு தவறு. கண் ஓரிடத்தில் இருக்க, ஓரத்தில் நிற்கும் கருவி குடலைக் குத்தியிருக்கும். காணாமல் போன கருவியைத் தேட வேண்டுமென்றால் கேமராவைத்தான் நகர்த்த வேண்டும், கருவியை அல்ல.

அப்புறம், வரிசை. சிறுநீர்ப்பையை வயிற்றுச் சுவரிலிருந்து இறக்குவது போன்ற எளிய கட்டங்களில் தொடங்கி, விறைப்புக்கான நரம்புகளைக் காக்கும் கட்டத்துக்குக் கடைசியில் போவதுதான் முறை. ஆர்வத்தில் நேரே நரம்புக்குப் போகிறவர், சிறு ரத்தக்கசிவைப் பார்த்ததும் மின்சூட்டால் சுட்டுவிடுவார். கசிவு நிற்கும், பக்கத்து நரம்பு சூட்டில் கெட்டுவிடும். அங்கே ரத்தக்குழாயை நெரிக்கும் சிறு கிளிப்பும் பொறுமையும் வேண்டும்.

அறுவைக்கு ஆகும் நேரம் குறைந்ததும் கற்றுவிட்டோம் என்று நினைப்பதுதான் எனக்கு ஆக மோசமாகப் படுகிறது. திறந்த அறுவை பற்றி 2007இல் வந்த ஓர் ஆய்வு, 72 மருத்துவர்கள் செய்த 7,765 அறுவைகளைப் பார்த்தது. 10 அறுவை அனுபவம் உள்ளவர்களின் நோயாளிகளில் 17.9 சதவீதத்தினருக்கு ஐந்தாண்டில் புற்றுநோய் திரும்பியது. 250 அறுவை செய்தவர்களிடம் அது 10.7 சதவீதம். ரோபோவுக்கு இதே எண்கள் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மணி நேர வேலையை இரண்டில் முடித்தாலும், சதை ஓரத்தில் புற்று மிஞ்சியதா என்று, எடுத்த சதையை ஆய்வகத்தில் சோதித்துத் தரும் நோய்க்கூறு அறிக்கைதான் சொல்லும். பலர் அதைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.